வாயில் இருந்த பெயர்

லீமா,
12 செப்டம்பர் 1993

கர்த்தருக்குள் அன்பான தியோனிசியாவுக்கு,

அவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் நம் குட்டிப்பெண் நோயெமியும் சுகமா? உன் முதுகுவலி குறைந்ததா?

இந்தக் கடிதத்தைப் பாஸ்டர் அபிசாய் கொண்டுவருவார். மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க வர அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் சிறை வாசலில் படித்த பிறகுதான் விடுவார்கள். ஆகவே காவல்காரருக்கும் ஒரு வணக்கம் போட்டு எழுது, பாவம், நாள் முழுக்க அடுத்தவன் கவலையைப் படிக்கிறார்.

என்னைப் பிடித்து வந்து ஆறு மாதம் முடிந்தது. மலையில் இருக்கும் ஆயுதக்காரர்களுக்கு நான் உருளைக்கிழங்கு கொடுத்தேன், தங்க இடம் கொடுத்தேன் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். விசாரணைத் தேதி குறிக்கவில்லை. ஓர் அறையில் ஆறு பேர். இங்கே வானம் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, ஆனால் மழை பெய்வதில்லை. நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் இந்த இருமல் போய்விடும்.

நீ வந்து பார்க்க முடியாது என்பதைப் பாஸ்டர் சொல்லியிருப்பார். சபையில் நடந்த கல்யாணம் இவர்களுக்குச் செல்லாதாம், பதிவுக் காகிதம் வேண்டுமாம். அடுத்த சந்தைக்குப் போகும்போது பதிந்துகொள்ளலாம் என்று ஒன்பது வருடம் தள்ளினோமே.

நீ ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தாய். அந்த வாரம் நம் பள்ளத்தாக்கிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் பதினோரு பேரைத் தூக்கிப்போனார்கள், பத்துப் பேர் திரும்பிவிட்டார்கள், அந்தப் பத்தில் என் பெயரைச் சொன்னது யார் என்று. எனக்குத் தெரியாது. கண்ணைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடு.

நிலத்தை யார் உழப்போகிறார்கள்? அதை மட்டும் எழுது. சபையார் எல்லோருக்கும், பக்கத்து வீட்டு ருஃபினோவுக்கும் எமிலியானாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

உன்
செனோபியோ

*

சக்காபாம்பா,
17 அக்டோபர் 1993

பிரியமுள்ள செனோபியோவுக்கு,

நாங்கள் இருவரும் கர்த்தர் கிருபையில் சுகம். உன் இருமல்தான் எனக்குப் பயம். பாஸ்டரிடம் யூகலிப்டஸ் இலை கொடுத்தனுப்புகிறேன், வாசலில் அதையும் படித்துப் பார்க்கட்டும்.

உழவு இன்னும் ஆகவில்லை. நானே ஏர் பிடித்துப் பார்த்தேன். மாடுகள் இரண்டும் திரும்பித் திரும்பி உன்னைத் தேடுகின்றன. போட்ட சால் ஆற்றுப் பாம்பு மாதிரி வளைந்து போனது. நோயெமி கரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு அந்தச் சாலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சபையில் ஆட்கள் வருகிறார்கள், பாட்டுத்தான் இல்லை. மாண்டலின் வாசிக்க ருஃபினோ வருவதில்லை. கேட்டால் கை சுளுக்கு என்கிறாளாம் எமிலியானா. ஏழு மாதமாக ஒரு சுளுக்கா?

கேள்வியை விடச் சொன்னாய். விடமாட்டேன். பத்துப் பேரில் ஒருவன் என் எதிரே நடந்து போகிறான், என்னிடம் 'ஸ்தோத்திரம் சகோதரி' என்று சொல்கிறான். எவன் என்று தெரியாமல் பத்துப் பேரையும் வெறுப்பது பெரிய பாரம். ஒருவன் என்றால் தாங்கலாம்.

உன் கம்பளியை நான் இன்னும் துவைக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன்
தியோனிசியா

*

லீமா,
21 நவம்பர் 1993

அன்பான தியோனிசியாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகமே. இலை வந்தது, கொதிக்கவைக்க வழியில்லாததால் மோந்து பார்த்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் பதினைந்து பேர் கூடி ஜெபிக்கிறோம். போன வாரம் மலைப்பிரசங்கம். சாந்தமுள்ளவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்ற இடத்தில் சண்டை வந்துவிட்டது. டௌரினோ என்று ஒரு சுரங்கத் தொழிலாளி இருக்கிறான், ஜெபத்துக்கு அல்ல, வம்புக்கு வருவான். அவன் கேட்டான், "எங்கப்பன் சாந்தமாத்தான் இருந்தான். பண்ணைக்காரன் குதிரை மேல இருந்து பேசினா இவன் தொப்பியக் கழட்டிட்டுத் தரையப் பாப்பான். அவனுக்குக் கெடைச்ச மண்ணு எவ்வளவு தெரியுமா? ஒரு குழி. அதையும் நாங்கதான் தோண்டினோம்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான்தானே வாசித்தேன். "எனக்கும் தெரியல தம்பி" என்றேன். இந்த வாரம் முழுக்க அதையே யோசிக்கிறேன். அவன் அப்பனிடம் இருந்தது சாந்தமா, பயமா? என்னிடம் இருப்பது எது?

நோயெமி எவ்வளவு வளர்ந்தாள்? கதவுச் சட்டத்தில் கோடு போட்டு, அந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டி அனுப்பு.

உன்
செனோபியோ

*

சக்காபாம்பா,
19 டிசம்பர் 1993

பிரியமுள்ள செனோபியோவுக்கு,

நாங்கள் சுகம். கிறிஸ்துமஸ் வாழ்த்து. நூல் வைத்திருக்கிறேன். அதில் முடிச்சுப் போட்ட இடம் போன வருட அளவு.

நிலம் உழுதாகிவிட்டது. உருளை நட்டுவிட்டோம், மேட்டுப் பக்கம் பீன்ஸ். முதல் மழையும் வந்தது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. நோயெமிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'செனோபியோ' என்று சொல்லச் சொன்னால் காற்றுத்தான் வருகிறது.

வேறு விசேஷம் இல்லை.

உன்
தியோனிசியா

*

லீமா,
23 ஜனவரி 1994

அன்பான தியோனிசியாவுக்கு,

சுகமே. நூலைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். அறையில் ஆறு பேரும் அவள் பக்கத்தில் நின்று அளந்து பார்த்துவிட்டார்கள்.

நிலத்தை உழுதாகிவிட்டது என்று எழுதினாய். யார் உழுதது? உன் அண்ணன் வர முடியாது. இப்போது சபைக்கு வருகிறவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் நான்கு பேர், அந்த நான்கு பேரையும் பாஸ்டரிடம் கேட்டுவிட்டேன், அவர்கள் இல்லையாம்.

நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. சந்தேகப்படத்தான் செய்கிறேன். இங்கே மனிதனுக்கு வேறு வேலை இல்லை. என் ஏரில் யார் கை பட்டது என்று மட்டும் சொல்.

செனோபியோ

*

சக்காபாம்பா,
20 மார்ச் 1994

பிரியமுள்ள செனோபியோவுக்கு,

சுகம். போன மாதம் எழுதவில்லை. பாஸ்டர் காத்திருந்தார், நான்தான் வெறுங்கையோடு அனுப்பினேன். மன்னித்துக்கொள்.

உழுதது ஓர் ஆள். அந்த ஆள் என் வாசற்படி ஏறியதில்லை, என்னோடு உட்கார்ந்ததில்லை. இதற்கு மேல் கேட்காதே. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டிவரும், உன்னிடம் நான் சொன்ன பொய்யெல்லாம் சூப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

உருளைச் செடி பூத்துவிட்டது. ஊதாப் பூ. நீ இருந்தால் ஒன்றைக் கிள்ளித் தொப்பியில் செருகியிருப்பாய்.

உன்
தியோனிசியா

*

லீமா,
24 ஏப்ரல் 1994

தியோனிசியாவுக்கு,

சுகம். நோயெமிக்கு முத்தம்.

செனோபியோ

*

சக்காபாம்பா,
22 மே 1994

செனோபியோவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்ல மனம் வரவில்லை. நீ சுகமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, சுகம் என்றுதான் எழுதுவாய். இது பாஸ்டர் காலில் போட்டிருக்கும் சப்பாத்துக்குள் வருகிறது, வாசலில் படிக்க மாட்டார்கள்.

அறுவடைக் கூடுகைக்கு வந்த இடத்தில் அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். உன் முன் ஒரு காகிதம் வைத்தார்களாமே. ஆயுதக்காரர்களுக்கு உதவியவர்கள் என்று மூன்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், திருந்தியவன் என்று சொல்லி உன்னை விட்டுவிடுவார்களாம். ஜனவரியில் வைத்தார்களாம். நீ மாட்டேன் என்றாயாம். அந்த மாதம்தானே 'யார் உழுதது' என்று எனக்கு எழுதினாய்! இதை எழுதவில்லையே!

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் புருஷனோட சாந்தம் பெருசும்மா" என்றார். நான் கேட்டேன், "பாஸ்டர், அந்த சாந்தத்துக்கு என் பொண்ணு எத்தனை வருஷம் அப்பா இல்லாம இருக்கணும்? அதையும் சொல்லுங்க." மனிதர் காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இப்போது என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, நிலத்துக்குப் போனால் பாதி உழுதிருக்கிறது. ருஃபினோ தன் மாட்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"யாரு உன்னை உழச் சொன்னது?"

"யாரும் சொல்லல சகோதரி."

"கை சுளுக்குன்னாங்க?"

மாட்டை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்தான். "நான்தான் சொன்னேன். செனோபியோ பேர நான்தான் சொன்னேன்" என்றான். "மூணு நாள் தொட்டித் தண்ணிக்குள்ள தலைய அமுக்கினாங்க. ஏதாவது ஒரு பேரு சொல்லுன்னாங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல, எங்கம்மா பேரு கூட வரல. என்னைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்குக் காலையிலதான் உங்க வீட்டுல உப்பு கேட்டேன். 'செனோபியோ, கொஞ்சம் உப்பு குடு'ன்னு. அந்தப் பேருதான் வாயில இருந்துச்சு."

என் கையில் மண்கட்டி உடைக்கிற கட்டை இருந்தது. அவன் குனிந்துதான் நின்றான். கட்டையே வேண்டாம், ஊர்க்காவல் தலைவனிடம் போய் இவன் ஆயுதக்காரர்களின் ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலைக்குள் அவன் கதை முடிந்திருக்கும். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த மூலையில உழாம விட்டிருக்க. அதையும் உழு" என்றேன்.

ஐந்து நாள் உழுதான். உழுகிறவனுக்கு நிலத்தில் சாப்பாடு போடுவது நம் வழக்கம். நான் போடவில்லை. ஐந்தாம் நாள் நோயெமி தன் பங்கு வேகவைத்த சோளத்தைக் கொண்டுபோய்க் கல்மேல் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவன் அதைத் தின்னவில்லை, கையில் வைத்துக்கொண்டு அழுதான். இப்போது உருளை தோண்டவும் அவன்தான் வருகிறான்.

இதை உனக்கு எழுதினால் அங்கே சுவரில் முட்டிக்கொள்வாய் என்று மறைத்தேன். நீயோ வீட்டுக்கு வரும் வழியை உன் கையாலேயே அடைத்துவிட்டு 'நோயெமிக்கு முத்தம்' என்று எழுதுகிறாய். அவன் பெயரையாவது எழுதியிருக்கக் கூடாதா? அது அநியாயம்கூட இல்லையே, அவன் உனக்குச் செய்ததுதானே?

தியோனிசியா

*

லீமா,
19 ஜூன் 1994

என் தியோனிசியாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் படித்தேன். பாஸ்டரின் சப்பாத்து வாசனை அதில் இருந்தது, அதையும் பொறுத்துக்கொண்டு முகத்தில் வைத்துக்கொண்டேன். இதுவும் அதே வழியில்தான் வருகிறது.

எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். கண்ணைக் கட்டியிருந்தார்கள் என்று எழுதியது பொய். கண்கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் ருஃபினோவை என் எதிரே நிறுத்தி, "இவன்தானே?" என்றார்கள். அவன் ஆமென்று தலையை ஆட்டினான். பக்கத்து வீட்டுக்காரனை வெறுத்துக்கொண்டு நீ தனியாக அங்கே வாழக் கூடாது என்று உன்னிடம் மறைத்தேன். என்னிடம் மறைக்க நீயும் பாடுபட்டிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் சரியான ஜோடி.

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. பத்து மாதம் அவனை வெறுத்தேன். ஜெபம் செய்துகொண்டே வெறுத்தேன். காகிதத்தை வைத்ததும் பேனாவை எடுத்தேன். அவன் பெயரின் முதல் எழுத்தை எழுதியும் விட்டேன். பிறகு எதிரே இருந்த அதிகாரி, "இன்னும் ரெண்டு பேரு வேணும், யோசி" என்றார். யோசித்தேன். வந்த பெயர்களெல்லாம் யார் தெரியுமா? உன் அண்ணன். பாஸ்டர். விதை கடன் கேட்டு வந்த ஹெர்மினியோ. எனக்கு யார்மேல் கோபமோ அவர்கள் யாரும் வரவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள்தான் வந்தார்கள். ருஃபினோவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே புரிந்தது. உப்பு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அடிக்கவில்லை. சிரித்தார்கள்.

டௌரினோவின் அப்பன் கையில் எதுவுமே இல்லை. அதனால் அவன் குனிந்தது சாந்தமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. என் வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான் என் கையில் ஏதோ இருந்தது. உன் கையில் அந்தக் கட்டை இருந்த மாதிரி. அதைக் கீழே வைத்தபோது எனக்குச் சமாதானம் வரவில்லை தியோனிசியா, உன் ஞாபகம்தான் வந்தது. அறைக்குத் திரும்பி அந்த நூலைப் பார்க்க முடியாமல் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

நீ என்னைத் திட்டியது நியாயம். இன்னும் கொஞ்சம் திட்டி எழுது. உன் குரல் அதில்தான் நன்றாகக் கேட்கிறது.

செப்டம்பரில் விசாரணை என்று வக்கீல் சொல்கிறார்.

உன்
செனோபியோ

*

சக்காபாம்பா,
14 ஆகஸ்ட் 1994

என் செனோபியோவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும், இது கட்டளை.

உன் கடிதத்தை நான் ருஃபினோவுக்குப் படித்துக் காட்டினேன். நம் முற்றத்தில் உட்காரவைத்துத்தான். முதல்முதலாக ஒரு கிண்ணம் சூப்பும் கொடுத்தேன். "அவனுக்கு அப்பவே தெரியுமா?" என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான். சூப் ஆறிப்போனது. பிறகு எழுந்து, "விசாரணைக்கு நான் போறேன்" என்றான்.

மறுநாள் எமிலியானா வாசலில் வந்து கத்தினாள். "உன் புருஷன் வரணும்னா என் புருஷன் போகணுமா? எனக்கு அஞ்சாம் மாசம்டி!"

"நான் அவரைப் போகச் சொல்லல, எமிலியானா."

"போகாதேன்னும் சொல்லலையே!"

உண்மைதான், செனோபியோ. சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். நான் என்னுடையதைக் கீழே வைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என் வாயை மூடிவிட்டது. இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டுமா, அவளா, தெரியாது.

அவன் அடுத்த மாதம் பாஸ்டரோடு புறப்படுகிறான்.

உன்
தியோனிசியா

*

லீமா,
6 நவம்பர் 1994

என் தியோனிசியாவுக்கு,

நான் வெளியே இருக்கிறேன். இந்த வரியை மூன்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீதிபதிகள் முகம் தெரியாதபடி ஒரு கறுப்புக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தார்கள், குரல் மட்டும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்தது. ருஃபினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது பொய். அடி தாங்காம சொன்னேன்" என்றான். "அன்னைக்குப் பொய் சொன்னவன் இன்னைக்கு உண்மை சொல்றான்னு எப்படி நம்பறது?" என்றது பெட்டி. அவன், "இன்னைக்கு என்னை யாரும் அடிக்கலையே ஐயா" என்றான். என் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்து வாரம் கழித்து என்னை விடுவித்தார்கள். அவனை அன்றே பிடித்து வைத்துக்கொண்டார்கள், பொய்ச்சாட்சி என்று. என் அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முதல் நாள் அவன் கதவோரமே சுருண்டு படுத்தான். இரண்டாம் நாள் அவனுக்குக் குளிரெடுத்தது, என் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்படியே ஐந்து வாரம். ஆண்டுக்கணக்கில் இழுக்காது, ஆறேழு மாதத்தில் வந்துவிடுவான் என்கிறார் வக்கீல்.

வியாழக்கிழமை பஸ் இருக்கிறது. நான் அதில் வரவில்லை. திட்டுவதற்கு முன் மீதியைப் படி. அவனைப் பார்க்க அனுமதி மனைவிக்கு மட்டும்தான். எமிலியானாவிடம் பதிவுக் காகிதம் இருக்கிறது, ஆனால் அவள் பள்ளத்தாக்கைத் தாண்டியதில்லை, இங்கே பேசுகிற ஸ்பானிஷும் தெரியாது. பிரசவம் ஆவதற்குள் ஒருமுறை அவனைப் பார்க்கட்டும். யாரையாவது துணை சேர்த்து அனுப்பு. எந்த வாசல், எந்தக் காவல்காரன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கூட்டிப்போகிறேன். இங்கே பாஸ்டருக்குத் தெரிந்த ஒரு சபையில் தங்கியிருக்கிறேன். அவளைப் பத்திரமாகத் திருப்பி அழைத்துக்கொண்டு நானும் வருகிறேன். மூன்று வாரம் ஆகும். இருபது மாதம் பொறுத்தவளிடம் இன்னும் மூன்று வாரம் கேட்கிறேன். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்
செனோபியோ

*

சக்காபாம்பா,
14 நவம்பர் 1994

செனோபியோவுக்கு,

சுகம். பஸ் ஓட்டுநர் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக.

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். 'வெளியே இருக்கிறேன்' என்ற வரி இருந்ததால் போடவில்லை. மூன்று வாரம் தரமாட்டேன். மூன்று நாள்கூடத் தரமாட்டேன்.

எமிலியானாவிடம் நானே போனேன். மூன்று மாதமாகப் பேசாதவள், கதவைத் திறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காகிதத்தை எடுத்துக்கோ. நான் கூட வர்றேன்" என்றேன். "உனக்கு மட்டும் ஸ்பானிஷ் தெரியுமா?" என்றாள். "திட்டத் தெரியும்" என்றேன். சிரிப்பும் அழுகையுமாக உள்ளே போய் மூட்டை கட்டினாள். நோயெமியும் வருகிறாள். மழை தொடங்கிவிட்டது, இரண்டு வீட்டு நிலமும் விதைக்காமல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

பெண்கள் உள்ளே போய்ப் பார்க்கிற நாள் சனிக்கிழமைதானே? காலை ஆறு மணிக்கு வாசலில் நில். உன்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்வேனா, கன்னத்தில் ஒன்று வைப்பேனா, எனக்கே தெரியாது. எதுவானாலும் எமிலியானா உள்ளே போன பிறகுதான். அதுவரை நீ என் பக்கம் வராதே, வந்தால் நான் வரிசையை விட்டு ஓடிவந்துவிடுவேன். வரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் போய்விடாமல் பார்த்துக்கொள்.

தியோனிசியா